பிச்சை அல்ல, பாக்கி!



பட்டாளத்துக்குப் பிள்ளை கொடுத்த குடும்பங்கள் நம் சால்களிலும் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் பயிற்சி முடித்து எல்லைக்குப் போனவன் ஊனமாகித் திரும்பினால் சர்க்கார் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "இது பட்டாளத்தில் வந்ததென்று என்ன அத்தாட்சி?"

அத்தாட்சியை அவன் ஏன் தர வேண்டும்? சேரும்போது நெஞ்சளந்து, கண், காது, பல் பார்த்து, "தகுதியானவன்" என்று முத்திரை குத்தியது யார்? சர்க்கார் டாக்டர்தானே!

சிக்னல் படையில் 1985இல் சேர்ந்த சிப்பாய் ஒருவரை வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று 1994இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடல்வாகுக் கோளாறாம், பென்ஷன் கிடையாதாம்! மெடிக்கல் போர்டு காரணம்கூட எழுதவில்லை. அவர் வழக்கில்தான் 2013 ஜூலை 2இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: சேரும்போது குறிக்காத நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது சர்க்கார் பொறுப்பு. இதற்குப் பத்தொன்பது வருஷம்! கைக்குழந்தை கல்லூரிக்குப் போய்விடும்.

திருந்தினார்களா? ஊன சதவீதத்தை 50, 75, 100 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்ற ஊனமுற்றோருக்குக் கிடையாது என்று நூற்றுக்கணக்கில் அப்பீல் போட்டு வாதாடினார்கள். 2014 டிசம்பர் 10இல் அத்தனையும் தள்ளுபடி. வக்கீலுக்குக் கொடுத்தது நம் வரிப்பணம். எதிரே நின்றவனோ, வாட்ச்மேன் வேலைக்கு லீவு போட்டு, சம்பளம் இழந்து, ரயிலேறி வருகிறவன்.

அப்படி என்ன கஜானா காலியாகிறது? போர்க்காயத்துக்கு விகிதம் கூடுதல்தான். மற்றபடி நூற்றுக்கு நூறு ஊனமென்றாலும் ஊனப் பங்கு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்!

2023 செப்டம்பரில் புது விதி வந்தது. ஊனத்தோடு பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுகிறவனுக்குத் தருவதற்குப் பெயர் இனி "இம்பேர்மெண்ட் ரிலீஃப்", அதாவது நிவாரணம். வெள்ளத்தில் குடிசை போனவனுக்கு நிவாரணம் கொடு, வேண்டாமென்று யார் சொன்னது? உடம்பைக் கொடுத்தவனுக்கு நீ தருவது நிவாரணமா? கடன்பட்டவன் கடனைத் தர்மமென்று எழுதிக் கொடுப்பானா?

தாய்மார்களே! உங்கள் வீட்டு டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மெடிக்கல் போர்டு காகிதத்தையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். மறுப்புக் கடிதம் வந்ததென்று ஓய்ந்துவிடாதீர்கள். மேல்முறையீடு உண்டு; அதுவும் போனால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மும்பையிலும் அதன் கிளை உண்டு, சென்னையிலும் உண்டு. படிக்கத் தெரியாவிட்டால் காகிதத்தோடு சங்கத்துக்கு வாருங்கள், மனு எழுதித் தருகிறோம்.