மல்லாந்தா, குப்புறவா?

"சீட்டிலே சுப்பைன், லேட்டரல்னு என்னமோ எழுதியிருக்காங்க. கேட்கக் கூச்சமா இருந்தது, வந்துட்டேன்" என்று என்னிடம் சொல்லும் தாய்மார்கள் பலர். இதில் கூச்சம் எதற்கு? நாம் தினமும் படுப்பதற்கும் மடக்குவதற்கும் நீட்டுவதற்கும் லத்தீனில் வைத்த பெயர்கள்தான் இவை.

சுப்பைன் என்றால் மல்லாந்து படுப்பது. ப்ரோன் என்றால் குப்புறப் படுப்பது. லேட்டரல் என்றால் ஒருக்களித்துப் படுப்பது. இடது, வலது என்று எழுதியிருந்தால் அது நோயாளியின் இடது, வலது. எதிரே நிற்கும் உங்களுடையது அல்ல.

கைக்குழந்தையை ஒரு வயது வரை, பகலோ இரவோ, மல்லாத்தித்தான் தூங்கப் போட வேண்டும். அமெரிக்காவில் இதற்காக 1994-ல் பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அதன் பிறகு அங்கே, காரணம் தெரியாமல் குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோவது சுமார் பாதியாகக் குறைந்தது.

"கக்கின பால் புரையேறிடாதா?" என்று பாட்டிமார் பயப்படுவார்கள். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். ஆகவே பயம் வேண்டாம். தலையணையும் வேண்டாம். குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, சற்று நேரம் குப்புறப் போடுங்கள், கழுத்து உறுதிப்படும்.

குழந்தைக்கு நல்லதான அதே சுப்பைன், கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு ஆகாது. கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். கருவுக்குப் போகும் ரத்தம் குறையும். ஒருக்களித்துத் தூங்குங்கள். நடுராத்திரியில் விழித்தால் மல்லாந்திருக்கிறீர்களா? பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

இனி அசைவுகள். மடக்குவது ஃப்ளெக்ஷன், நீட்டுவது எக்ஸ்டென்ஷன். காலை உடலின் நடுக்கோட்டிலிருந்து அகற்றுவது அப்டக்ஷன். நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவருவது அட்டக்ஷன். ஓர் எழுத்துதான் வித்தியாசம், அர்த்தமோ நேர் எதிர்! இடுப்பு மூட்டு மாற்றிய மாமியாருக்கு, சில வகை ஆபரேஷனுக்குப் பின், நடுக்கோட்டைத் தாண்டி அட்டக்ஷன் கூடாது என்பார்கள். அதாவது கால்மேல் கால் போடக் கூடாது. மாற்றிப் புரிந்துகொண்டால் புது மூட்டு நழுவிவிடலாம்.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், "ஒரு தடவை செய்து காட்டுங்க, சிஸ்டர்" என்று கேளுங்கள். அவர் எதிரிலேயே நீங்களும் செய்து காட்டுங்கள். பிறகு மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து என்று சீட்டின் ஓரத்தில் தமிழில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். குழந்தையைத் தூங்க வைப்பது நீங்கள் மட்டுமல்லவே!