மார்க்கு யாருடைய யோக்கியதை?

அமெரிக்காவில் தென் கரோலினாவைச் சேர்ந்த கிளாரெண்டன் ஒரு பட்டிக்காட்டு ஜில்லா. 1949-50இல் அதன் சர்க்கார் பள்ளிகளில் கறுப்புப் பிள்ளைகளே பெரும்பான்மை. ஆனால் வருஷச் செலவோ வெள்ளைப் பிள்ளைக்குத் தலைக்கு 179 டாலர். கறுப்புப் பிள்ளைக்கு 43! வெள்ளையருக்கு 30 பஸ். கறுப்பருக்கு ஒன்றுகூட இல்லை. நியாயம் கேட்டு வழக்காடியவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. 1954இல் பள்ளிப் பிரிவினை செல்லாதென்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. பலன்? 1965இல் அங்குள்ள சம்மர்டனில் கறுப்புப் பிள்ளைகள் சிலர் உள்ளே நுழைந்ததும், வெள்ளையர் தனிப்பள்ளி வைத்துக்கொண்டு வெளியேறினர்!

இத்தகைய ஊர்களின் பரீட்சை மார்க்கைக் காட்டி, "கறுப்பனுக்குப் பிறவியிலேயே மூளை மட்டு" என்போரை நாம் கேட்கிறோம்: நாலு பங்கு தின்றவன், பட்டினி கிடந்தவனை நோஞ்சான் என்பது யோக்கியமா? அந்த மார்க்கு பிள்ளைக்கு அல்ல, பங்கு போட்டவனுக்கே!