மிச்சமும் எச்சிலும்

நவம்பர் நான்காவது வியாழன் அமெரிக்காவில் நன்றி கூறும் நாள். விருந்து முடிஞ்சா வான்கோழியில் எலும்பும் கொஞ்சம் கறியும்தான் மிஞ்சும். லூசியானாவில் கறுப்பினத் தோழர் ஒருவரின் வீட்டில் அவர் அம்மா அதை வீசவில்லை. எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்தார். எண்ணெயில் மாவைக் கருஞ்சிவப்பாக வறுத்து, வெங்காயம், செலரி, குடமிளகாய், வெண்டைக்காய் வதக்கி, எலும்புச் சாற்றை ஊற்றிக் கறியைப் பிய்த்துப் போட்டார். சோற்றில் ஊற்றித் தின்றோம். பேர் கம்போ. வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல் அது. அடிமைக் கப்பலில் வந்தவர்களின் நாக்கு அந்தச் சட்டியில் இன்னும் உசிரோட இருக்கு.

"மிஞ்சினதை 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜில வைக்கணும், 4 நாளைக்குள்ள தீர்க்கணும்" என்றார் அம்மா.

எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. ஆண்டை வீட்டுக் கல்யாணத்தன்று கொல்லைப்புறம் காத்துக் கிடந்து, பந்தியெல்லாம் ஓய்ந்த பிறகு முந்தானையில் சோறு வாங்கி வரும். வீடு சேரும்போதே புளிச்சிருக்கும். எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கேட்க யாருக்கு உரிமை இருந்தது?

இரண்டும் மிச்சம்தானே என்பார்கள். இல்லை தோழர்களே. தன் அடுப்பில் மிஞ்சியதைப் புதுசாக்குவது சமையல். அடுத்தவன் பந்தியில் மிஞ்சியதுக்குக் கையேந்த வைப்பது சாதி. சிக்கனத்தைப் பாராட்டுமுன் கேளுங்கள்: யார் வீட்டு மிச்சம்?