மாட்டுக்கு ஊசி, கழுகுக்கு பில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கழுகு மேல் பாசம் பொங்கி எழுதுகிற கட்டுரை இல்லை. செத்த மாட்டின் குடலுக்குள் தலையை விடுகிற மொட்டைக் கழுத்துப் பறவை மேல் பாசம் வருவது கொஞ்சம் கஷ்டம்தான். இது கணக்கு விவகாரம். லாபம் ஒருத்தருக்கு, செலவு சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர் தலையில் என்றால் அது தப்பான கணக்கு என்று பி.காம் படிக்கிற எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிவிடுகிறார்கள். நம் ஊர் கால்நடை மருத்துவம் முப்பது வருஷமாக அந்தத் தப்பான கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

உக்கடத்தில் யாரிடமாவது கழுகு அழிந்துபோச்சு என்று சொல்லிப் பாருங்கள். மீன் மார்க்கெட்டுக்கு மேலே கையைக் காட்டி, "அதான் அத்தனை சுத்துதே" என்பார்கள். அது கரும்பருந்துங்க. நான் சொல்வது பாறு கழுகு, பிணந்தின்னிக் கழுகு என்று நாம் மரியாதை இல்லாமல் கூப்பிடுகிறோமே, அது. இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டுமென்றால் சத்தியமங்கலம், முதுமலை பக்கம் மோயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநில வனத்துறையும் சேர்ந்து எண்ணியபோது கிடைத்தது மொத்தம் 320. நம் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் இதைவிட அதிகம்!

எப்படி ஆனது இது? காட்டை வெட்டியதால் இல்லை, வேட்டையாடியதாலும் இல்லை. டைக்ளோஃபெனாக். முட்டி வலிக்கு நாம் போட்டுக்கொள்கிற அதே மருந்துதான். 1990களில் இது இந்தியாவில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் மாட்டுக் காய்ச்சல், மடிநோய், கால் வீக்கம் எல்லாவற்றுக்கும் இதே ஊசி. மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஊசி போட்ட ஓரிரு நாளில் அந்த மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் நின்றுவிடும். யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரல், இதயம் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்து, சில நாளில் செத்துவிடும். நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இனம் சரிய அது போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தைச் சுற்றி ஐம்பது, அறுபது பாறுகள் பந்தியில் உட்காரும், அதுதான் காரணம். 1990களின் தொடக்கத்துக்கும் 2007க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

காரணம் தெரியாமல் பல வருஷம் வைரஸ், பூச்சிமருந்து என்று தேடினார்கள். 2004இல் பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுதான் கண்டுபிடித்தது. ஓக்ஸும் ஒரு கால்நடை மருத்துவர்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். மொத்த டாக்டர்களையும் திட்ட நான் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2006இல் இந்தியா மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொன்னது. அத்தோடு முடிந்ததா? இல்லை, இங்கேதான் ஆட்டமே ஆரம்பம்.

மாட்டு மருந்துக்குத்தான் தடை, மனுஷ மருந்துக்கு இல்லை. உடனே மருந்துக் கடைகளில் மனுஷனுக்கான 30 மில்லி குப்பி தாராளமாக ஓடியது. ஒரு ஆளுக்கு ஒரு தடவை 3 மில்லி போதும், அதில் 75 மில்லிகிராம். பத்து பேருக்குப் போடுகிற குப்பி யாருக்கு? 300 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று போட்டால் 12 மில்லி வேண்டும். 30 மில்லி குப்பி யாருக்கென்று இப்போது புரிந்திருக்கும். 2015இல்தான் ஊசி மருந்து 3 மில்லி ஆம்பூலாக மட்டுமே வர வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. அதையும் எதிர்த்து மருந்து கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு உத்தரவு செல்லும் என்றது.

அடுத்தது கீட்டோபுரோஃபென். இதுவும் பாறுவைக் கொல்லும் என்று 2009லேயே ஆய்வு வந்துவிட்டது. அசிக்ளோஃபெனாக் இன்னும் மோசம், மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு அதே கடையை நடத்துகிற மாதிரி. இந்த இரண்டுக்கும் இந்தியா தடை போட்டது 2023 ஜூலையில். கீட்டோபுரோஃபெனை வங்கதேசம் 2021லேயே தடை செய்துவிட்டது. அப்புறம் நிமெசுலைடு, அதற்கு 2024 டிசம்பர் கடைசியில். ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. முதலில் விற்பது, அப்புறம் பறவை சாவது, பத்து வருஷம் கழித்து தடை. லைசென்ஸ் கொடுக்கும் முன் பாறுவுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துவிட்டு விற்றால் என்ன? என்ன கொடுமை சார் இது!

"மாட்டைக் காப்பாத்தறதா, கழுகைக் காப்பாத்தறதா?" என்று ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். பொய்யான கேள்வி. மெலாக்சிகம் பாறுவுக்கு ஆபத்தில்லை என்பது 2006லேயே தெரியும். டோல்ஃபெனாமிக் அமிலமும் பாதுகாப்பானது என்று பிறகு சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மாடும் பிழைக்கும், பறவையும் பிழைக்கும்.

அடுத்த சால்ஜாப்பு, "விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை." எனக்கு ரொம்பக் கோபம் வருவது இதற்குத்தான். ராத்திரி பதினொரு மணிக்குக் கறவை மாடு படுத்துவிட்டது, காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றினால்தான் வாரக் கடைசியில் காசு. அந்த ஆள் என்ன மருந்து என்று ஆராய்ச்சியா செய்வார்? கடைக்காரர் கொடுப்பதை வாங்குவார், ஊசி போட வருகிறவர் போடுவதை ஒப்புக்கொள்வார். மருந்தின் பெயரைத் தீர்மானிப்பது அவர் இல்லை. தயாரிப்பவர், அனுமதி கொடுப்பவர், சீட்டு எழுதுபவர், விற்பவர் நாலு பேரும் படித்தவர்கள். விழிப்புணர்வு முகாம் மட்டும் ஐந்தாவது ஆளுக்கு.

இனி பில். பாறு செய்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஒரு கூட்டம் சேர்ந்தால் ஒரு மாட்டுப் பிணத்தை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அது இல்லாமல் போனால் பிணம் அழுகும், தண்ணீரில் கலக்கும், தெருநாய் பெருகும், வெறிநாய்க்கடி கூடும். ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2000 முதல் 2005 வரை இந்தியாவில் பாறு அழிந்ததால் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த மலிவு ஊசியின் விலையில் இதில் ஒரு பைசாகூடச் சேரவில்லை.

கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு பல வருஷமாகப் பாறுகளுக்காக வேலை செய்கிறது. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் கடை கடையாக ஏறி இறங்கிச் செய்கிற வேலையை ஒரு தொழில் தன் அன்றாடக் காகிதத்துக்குள் கொண்டுவர முடியாதா? முடியும். மாட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே, மாடு செத்தால் கால்நடை மருத்துவர் சான்று இல்லாமல் க்ளெய்ம் கிடையாது. காதில் மாட்டிய டேக் நம்பர் முதற்கொண்டு கேட்கிறார்கள். அந்தச் சான்றில் கூடுதலாக மூன்று கட்டம் போடச் சொல்கிறேன். கடைசி ஏழு நாளில் கொடுத்த வலி மருந்து என்ன? யார் கொடுத்தது? உடலை ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்களா, வெளியே போட்டார்களா? ஈரோடு, நீலகிரி, கோவை மூன்று மாவட்டத்தில் மட்டும் ஆரம்பித்தால்கூடப் போதும். எந்தக் கடையிலிருந்து எந்த மருந்து வருகிறது என்று ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும். விவசாயிக்கு இதில் அபராதம் கூடாது, தொகையில் பிடித்தமும் கூடாது. இரண்டில் ஒன்று வந்தாலும் பொய்தான் எழுதுவார்கள். நானாக இருந்தாலும் எழுதுவேன் :-)

அரசு மாட்டாஸ்பத்திரிகளில் மெலாக்சிகம் தீராமல் இருப்பு வைப்பது இன்னொரு வேலை. அங்கே தீர்ந்துபோன அன்றைக்குத்தான் ஆட்கள் தனியார் கடைக்கு ஓடுகிறார்கள்.

கால்நடை மருத்துவம் படிக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் பதில் எழுதுங்கள். அந்த மூன்று கட்டத்தை நிரப்ப உங்களுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்?