சக்கையிலும் சக்தி உண்டு



"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்கள் நம் பெரியவர்கள். நம் தோட்டத்துச் செம்பனைக்கும் பால்மரத்துக்கும் அது அப்படியே பொருந்தும். ஆனால் அந்த இரண்டாவது ஆயிரம் பொன்னைக் கண்டுகொள்ள நெடுங்காலம் பிடித்தது.

இப்போது எங்கு பார்த்தாலும் 'பசுமைத் தொழில்', 'எரிசக்திச் சிக்கனம்' என்று பேசுகிறார்கள். பட்டணத்துப் பெரிய மனிதர்களின் பேச்சு, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பாடம் தோட்டத்துச் செம்பனை ஆலையிலேயே இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 டன் பழக்குலை ஆலைக்குள் போனால் கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 20 டன்தான். வெறுங்குலை 22 டன் அளவு. பிழிந்த சக்கை 13 டன் அளவு. கொட்டை ஓடு 5, 6 டன். அதோடு கழிவுநீர் 60 டன்னுக்கும் மேல்! ஆலையில் சேர்க்கும் நீரும் நீராவியும் அதில் அடக்கம்.

சக்கையும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. அதில் பிறக்கும் நீராவி முதலில் சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. பிறகு அதே நீராவி பழக்குலைகளை வேக வைக்கிறது. சோறு வடித்த அடுப்புத் தணலிலேயே குளிக்கத் தண்ணீர் சுட வைக்கும் நம் தாய்மார்களின் சிக்கனம்தான் இது. வெறுங்குலையோ மரத்தடிக்கே திரும்பிப்போய் உரமாகிறது.

கழிவுநீரின் கதை வேறு. ஒரு காலத்தில் அது ஆற்றில் போய்ச் சேர்ந்தது. அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் கிருமிகள் நீரிலிருக்கும் பிராணவாயுவைக் குடித்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. பிராணவாயுத் தேவையின் அளவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1978இல் தொடங்கிய கட்டுப்பாடு, படிப்படியாக இறுகி 1984இல் 100 மில்லிகிராம் ஆயிற்று. சட்டம் நெருக்கியதால்தான் ஆலைகள் குளம் வெட்டிக் கழிவைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டன.

ஆறு ஓரளவு பிழைத்தது. ஆனால் திறந்த குளத்திலிருந்து மீத்தேன் என்னும் வாயு கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாக உலகைச் சூடாக்கும். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்தால் அதுவே எரிபொருள். ஒரு டன் கழிவுநீர் ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு தருகிறது. 2014 முதல் புதிய ஆலைகளும், விரிவாக்கம் கேட்கும் பழைய ஆலைகளும் இந்த ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும் என்று விதி வந்தது.

பால்மரத்தையும் பாருங்கள். பால் வற்றிய மரத்தை முன்பு விறகாக எரித்தோம். பூச்சியும் பூஞ்சணமும் அரிக்காதபடி மருந்திட்டு உலர்த்தக் கற்றபின், அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். எரிசக்திச் சிக்கனப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் இயற்றப்பட்டு, 2025 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்தது. மிகுதியான எரிசக்தி செலவிடும் நிறுவனங்கள் அதற்கென ஒரு நிர்வாகியை நியமிக்க வேண்டும். கணக்கையும் தணிக்கை செய்ய வேண்டும். ஆக, அங்கே வேலை இருக்கிறது! கொதிகலன் இயக்கவும் சான்றிதழ் வேண்டும். மின்சார வேலைக்கும் சான்றிதழ் வேண்டும். கணக்கிலும் அறிவியலிலும் நம் பிள்ளைகள் பின்தங்கினால், இந்த வேலைகள் நம் வாசலைத் தாண்டிப் போய்விடும். பாட்டன் கொதிகலனுக்கு விறகு தள்ளினார். பேத்தி அந்தக் கொதிகலனின் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் பச்சைச் சாயம் பூசிவிட்டால் பசுமை ஆகிவிடாது. எந்தக் கழிவு குறைந்தது, எவ்வளவு எரிபொருள் மிச்சம், பக்கத்தில் குடியிருப்பவனுக்கு என்ன நன்மை என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆற்றில் மீன் செத்து மிதந்தால் வாய்மூடி இருக்காதீர்கள். சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள்.

வீட்டிலும் இந்தச் சிக்கனம் தொடங்கட்டும். குளிர்பதனப் பெட்டியோ காற்றாடியோ வாங்கும்போது அதில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை எண்ணுங்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் மின்சாரம் குறைவாகத் தின்னும். வாங்கும்போது நாலு வெள்ளி கூடினாலும், இரவு பகலாக ஓடும் பெட்டி மாதாமாதம் மிச்சம் பிடித்துத் தரும்.

வீண் என்று எறிவதற்கு முன் ஒருமுறை யோசிப்போம். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம். அடுத்த இதழில் சந்திப்போம்.