விடை வராத வினா

சென்ற தவணை முடிவில் எமது உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு ஒரு வினாவிடைப் போட்டி வைத்தோம். பெண்குலத்தின் வரலாறு ஒரு பகுதி. அயர்லாந்து நாட்டின் கலையும் பண்பாடும் மறுபகுதி. “அயர்லாந்து எமக்கு எதற்கு?” என்று உடனாசிரியர் ஒருவர் நகைத்தார். ஆங்கில இலக்கியமென நாம் படித்ததில் நல்லதொரு பங்கை எழுதியவர்கள் அயர்லாந்துக்காரரே என அவருக்கு நினைவூட்டி, வினாத்தாளை அச்சுக்குக் கொடுத்தோம்.

பிள்ளைகள் நன்றாகவே விடை பகர்ந்தனர். உலகின் முதற் பெண் பிரதமர் யார் என்பது இலங்கைப் பிள்ளைகளிடம் கேட்கத்தக்க வினாவன்று. 1960 என்ற ஆண்டையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். பிரித்தானியப் பாராளுமன்றத்திற்கு முதன்முதலாகத் தெரிவான பெண், 1918இல் வென்ற கொன்ஸ்ரன்ஸ் மார்க்கீவிச் என்பதும், அயர்லாந்து விடுதலையை நாடிய அவர் அச்சபையிற் சென்று அமர மறுத்தார் என்பதும் ஒரு மாணவனுக்குத் தெரிந்திருந்தன. ஆண்களோடொத்த வாக்குரிமை பெண்களுக்கு எங்கே முதலிற் கிடைத்தது என்பதிலேதான் தடுமாற்றம். அயர்லாந்தில் 1922, இங்கிலாந்தில் 1928, இலங்கையில் 1931. ஆண்ட நாட்டை முந்திக்கொண்டு ஆளப்பட்ட நாடு உரிமை வழங்கியதைப் பிள்ளைகள் நம்பவில்லை.

அயர்லாந்தின் அரச சின்னம் யாது என்ற வினாவிற்கு ஒருவன் ‘யாழ்’ என்று தமிழிலேயே எழுதியிருந்தான். ஹார்ப் என்னும் நரம்புக்கருவி அது, முழுப்புள்ளியும் கொடுத்தோம். யாழ்பாடிக்குப் பரிசாகக் கிடைத்த மணற்றிடரே யாழ்ப்பாணம் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறெப்படி எழுதுவான்?

இறுதி வினாவிற்கு மட்டும் ஒருவரேனும் சரியான விடை எழுதவில்லை. வினா இதுதான்: ‘அயர்லாந்துக் கவிஞர் யேற்ஸ், நாடகாசிரியர் பேர்னாட் ஷா ஆகிய இருவரது நாடகங்களிலும் நடித்த ஒரு பெண்மணி, பின்னாளில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் கல்லூரியொன்றின் தலைமையை ஏற்றார். அவர் யார்? கல்லூரி எது?’ இரண்டொருவர் அன்னி பெசன்ற் என எழுதினர். மற்றைத் தாள்கள் வெறுமை. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. விடைத்தாள் திருத்திய ஆசிரியர்களும் அறிந்திருக்கவில்லை. நாமும் நாற்பது வயது கடந்த பின்னரே, யேற்ஸ் பற்றிய நூலொன்றின் அடிக்குறிப்பிற் கண்டு வியந்தோம்.

அவர் பெயர் புளோரன்ஸ் பார். பிறப்பால் ஆங்கிலேயர், 1860இற் பிறந்தவர். தந்தையார் வில்லியம் பார், மருத்துவப் புள்ளிவிபரக் கலையின் முன்னோடி. தாதியர்குல விளக்காகிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அவருடைய நண்பர். அந்த அம்மையாரின் பெயரையே மகளுக்கு இட்டார். மகளோ நாடக மேடையை நாடினார். 1894ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு நாடகப் பருவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தி, யேற்சின் நாடகமொன்றை முதன்முதல் மேடையேற்றினார். ஷாவின் ‘ஆம்ஸ் அன்ட் த மான்’ அரங்கு கண்டதும் அப்பருவத்திலேதான். 1899இல் அயர்லாந்து இலக்கிய அரங்கு டப்ளினிலே தன் முதல் நாடகத்தை நிகழ்த்தியபோது, அதில் ஒரு பாணனாக, ஆண் வேடத்தில் நடித்தவரும் இவரே.

நடிப்பினும் அவருடைய குரலே பெரிதும் போற்றப்பட்டது. கவிதையைப் பாடவும் கூடாது, வெறுமனே வாசிக்கவும் கூடாது, நரம்பின் சுருதிக்கு இயைய ஓதவேண்டும் என்பது யேற்சின் கொள்கை. அதற்கெனவே செய்வித்த ‘சால்ற்றரி’ என்னும் சிறு நரம்புக்கருவியை மடியில் வைத்து மீட்டியவாறு, புளோரன்ஸ் அம்மையார் ஊரூராக அவர் கவிதைகளை ஓதிக்காட்டினார். தேவாரத்தைப் பண்ணோடு ஓதும் ஓதுவார்களைக் கேட்டுப் பழகிய எமக்கு இஃது அத்துணைப் புதுமையன்று. இலண்டன் மாநகரத்தார்க்குப் புதுமையாயிருந்தது.

இத்தகையவர் 1912இல், ஐம்பத்திரண்டு வயதில், உடைமைகளை விற்றுவிட்டு இலங்கைக்குக் கப்பலேறினார். பொன்னம்பலம் இராமநாதனை இலண்டனில் அறிந்து, அவருடைய சைவ ஞான விளக்கங்களில் ஈடுபட்டிருந்தார். சைவப் பெண்பிள்ளைகள் தம் சமயத்தை விடாது உயர்கல்வி பெறுதற்கென மருதனார்மடத்தில் இராமநாதன் அமைத்த கல்லூரி 1913இல் திறக்கப்பட்டது. அதன் தலைமையை அம்மையார் ஏற்றார். பெண்களின் நிலை பற்றி 1910இலேயே ஒரு நூல் எழுதியவர் அவர். இராமநாதனோ பிற்காலத்தில், டொனமூர் ஆணைக்குழுவின் நாட்களில், பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தவர். பெண்களுக்குக் கல்லூரி எழுப்பிய கை, வாக்குச்சீட்டை மறுத்தது. இவ்விருவரும் அது குறித்து உரையாடியிருந்தால் உடனிருந்து கேட்க ஆசைதான்!

1916இன் இறுதியில் அம்மையாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சையும் பயன் தரவில்லை. 1917 ஏப்ரல் 29ஆம் நாள் கொழும்பிலே காலமானார். உடல் தகனம் செய்யப்பட்டது. சாம்பலை இராமநாதனே களனி ஆற்றிற் கரைத்தார்.

யேற்ஸ் 1920இல் எழுதிய ‘ஆல் சோல்ஸ் நைற்’ என்னும் பாடலில் மறைந்த நண்பர் மூவரை அழைக்கிறார். அவருள் ஒருவர் இந்த அம்மையார். அழகு குன்றத் தொடங்கியதும், எவரும் காணாத தொலைவிற் கறுத்த மக்களிடையே ஒரு பள்ளியிற் போய் ஒளிந்துகொண்டார் என்பது கவிஞரின் கருத்து. இதனை நாம் ஏற்கோம். புதிதாய்த் திறந்த கல்லூரியொன்றின் தலைமை, ஒளிந்துகொள்ளத்தக்க இடமா? மாணவிகள், ஆசிரியர், பெற்றோர் என எத்தனை கண்கள்! பள்ளிக்கூடம் நடத்தியறியாதவர்தாம் அப்படி எழுதமுடியும். அப்பாடலில் இராமநாதனும் உள்ளார்; ஆனாற் பெயரில்லை, ‘கற்ற இந்தியர் ஒருவர்’ என்ற அளவில் நின்றுவிடுகிறார். மருதனார்மடத்திற்குப் பெயரேயில்லை. அங்கே எம்மைப் பெயர் சொல்லாது விட்டார்கள்; இங்கே அம்மையாரை நாம் பெயர் சொல்லாது விட்டோம். கணக்குச் சரிதான், ஆனால் எமக்கு அதிற் பெருமையில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பூட்டியார் எவரேனும் 1913இற்கும் 1916இற்கும் இடையில் இராமநாதன் கல்லூரியிற் படித்தவராயின், பழைய பெட்டகத்தில் ஒரு நிழற்படமோ, பரிசுப் புத்தகமோ, வெள்ளைக்கார அம்மா கையொப்பமிட்ட தேர்ச்சி அறிக்கையோ கிடக்கக்கூடும். கறையான் முந்துமுன் தேடிப்பார்த்து எமக்கு எழுதுங்கள்.

அடுத்த கிழமைக்கான வினாக்கள் இரண்டு. அயர்லாந்தில் வாக்குரிமைக்காகச் சிறை சென்று, பின்னர் 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவரான பெண்மணி யார்? 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதியில் வென்று அரசாங்க சபை புகுந்த பெண்மணி யார்? விடைகள் புதன்கிழமைக்கு முன் வந்துசேரவேண்டும், கையெழுத்துத் தெளிவாயிருக்கட்டும்.