வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்!



மாசி மகத்தன்று மலாக்கா, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போனவர்களும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நின்றவர்களும் அறிவீர்கள்: ஒலிபெருக்கி இல்லாமல் நமக்குத் திருவிழா இல்லை. அதை வாங்கப் போகும் கோயில் கமிட்டியினருக்காகவே இம்முறை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு வீட்டுக்கு 20 வெள்ளி வசூலித்து ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம். பெட்டியில் ‘2000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நானும் அதைப் பார்த்துத் தலையாட்டினேன். தீமிதி அன்று கூட்டத்தின் கடைசி வரிசைக்குச் சத்தம் எட்டவில்லை. பையன்கள் குமிழை முழுக்கத் திருகினார்கள். பாட்டு கரகரத்தது. சற்று நேரத்தில் கீச்சுக் குரலைத் தரும் சின்ன ஸ்பீக்கர்கள் கருகிவிட்டன.

பழுது பார்ப்பவர் பெட்டியின் பின்புறத்தைக் காட்டினார். “சார், ஃபியூஸ் 2 ஆம்பியர். நம்ம கரண்டு 230 வோல்ட். பெருக்கிப் பாருங்க” என்றார். 460 வாட்! சுவரிலிருந்து 460 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்க முடியாத பெட்டி, 2000 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்? இழுப்பதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடுமே!

அந்த 2000 என்பது ‘பி.எம்.பி.ஓ.’ கணக்கு. செம்பனைக் குலையை ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவது வேறு, காலை முதல் மாலை வரை சுமந்து லோரியில் ஏற்றுவது வேறு அல்லவா? முதலாவது பி.எம்.பி.ஓ. இரண்டாவது ‘ஆர்.எம்.எஸ்.’, அதாவது இடைவிடாமல் தரும் சக்தி. நமக்கு வேண்டியது இதுதான். எண்ணை ஊதிப் பெருக்கும் இந்த வழக்கம் அமெரிக்காவிலும் இருந்தது. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம், வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974ஆம் ஆண்டில் விதியே வகுத்தது.

ஆர்.எம்.எஸ். என்று போட்டிருந்தாலும், எத்தனை ஓமில் என்று கேளுங்கள். 4 ஓமில் 300 வாட் தரும் பெட்டி 8 ஓமில் அதைவிடக் குறைவாகவே தரும். அதற்காக ஸ்பீக்கர்களை இஷ்டம்போல் சேர்க்கக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம், நான்கை இணைத்தால் 2 ஓம். பல பெட்டிகள் 2 ஓமைத் தாங்காமல் சூடேறி நின்றுவிடும்.

இன்னொரு விஷயம் வியப்பாக இருக்கும். வாட் இரு மடங்கானால் சத்தம் இரு மடங்காகாது. 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால், அதே சத்தம் கேட்க நான்கு மடங்கு வாட் தேவை.

ஆகவே ஸ்பீக்கரையும் பாருங்கள். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்று அதன் விவரத்தாளில் இருக்கும். 100 டெசிபெல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் சத்தத்தை, 90 டெசிபெல் ஸ்பீக்கர் 100 வாட்டில்தான் தரும். அந்தக் காலத்தில் பால்மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி, சிறிய ஆம்ப்ளிஃபயரிலேயே லயம் முழுவதும் கேட்டது இதனால்தான்.

சரி, சக்தி குறைந்த பெட்டி ஸ்பீக்கரை எப்படிக் கருக்கியது? அளவுக்கு மீறித் திருகினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். அதுதான் கரகரப்பு. அப்போது சின்ன ஸ்பீக்கர்களுக்குத் தாங்க முடியாத சக்தி பாய்கிறது. கரகரத்த உடனே குமிழைக் குறைத்திருந்தால் அன்று தப்பியிருப்போம்.

கடைக்குப் போகும் கமிட்டியினர் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்? எத்தனை ஓமில்? ஸ்பீக்கர் எத்தனை டெசிபெல்? பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் பணத்தை எடுக்காதீர்கள். அது வெயிலிலும் மழையிலும் உழைத்த குடும்பங்களின் காசு.